தாழ்ந்த வெயிலும் சிவந்த இலைகளும்

இலையுதிர் காலத்தை ரசிக்க வீட்டையும் பக்கத்துத் தெருவையும் தாண்ட வேண்டியதில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அதை முழு மனதோடு ஏற்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அந்த வெயில்தான். வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22, 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமான பிறகு, நண்பகல் சூரியன் நாளுக்கு நாள் தாழ்கிறது. தெற்கு பார்த்த ஜன்னல் வழியே வெளிச்சம் அறைக்குள் நெடுந்தூரம் வரும். அங்கே நாற்காலியைப் போட்டுப் புத்தகம் படிப்பதற்கு ஈடு எதுவுமில்லை!

இலைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மஞ்சள் நிறம் கோடையிலேயே இலைக்குள் இருக்கிறது; பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பையோ பல மரங்கள் இந்தப் பருவத்தில்தான் புதிதாக உருவாக்குகின்றன. வெயிலான பகலும் உறையாத குளிர் இரவும் தொடர்ந்தால் அது நன்றாக ஏறும். அப்படியொரு வாரம் வாய்த்தால் மாலை நடையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பலத்த காற்றில் எல்லாம் உதிர்ந்துவிடும்.