சீனக்குடாவின் 99 குதங்களும் வல்லரசுகளின் கணக்கும்

திருகோணமலையை வல்லரசுகள் பங்குபோடப் பார்க்கின்றன என்று நாளுக்கொரு பதிவு வருகிறது. என் கருத்து கொஞ்சம் வேறு. இந்தத் துறைமுகத்தைப் பாவிக்க யாருக்கும் பெரிய அவசரம் இல்லை. மற்றவன் பாவிக்கக் கூடாது என்பதில்தான் அவசரம். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடா எண்ணெய்க் குதங்களின் கதையே அதற்குச் சாட்சி.

1987 யூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்தனவும் கடிதங்கள் பரிமாறினார்கள். இந்திய நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் திருகோணமலையைக் கொடுப்பதில்லை என்பது அதில் ஒரு வாக்குறுதி. குதங்களை இரு நாடுகளும் கூட்டாகத் திருத்தி இயக்கும் என்பது இன்னொன்று. முதலாவது இன்றுவரை பிசகவில்லை. இரண்டாவது 2003 வரை கிடப்பில் கிடந்தது. அந்த ஆண்டு 99 குதங்களும் 35 வருடக் குத்தகைக்கு இந்திய அரசின் எண்ணெய்க் கம்பனியான இந்தியன் ஓயிலின் (ஐஓசி) கையில் போயின. குதங்கள் கீழ்த்தொகுதி, மேல்தொகுதி என்று இரண்டு பிரிவு. பாவனைக்கு வந்தவை கீழ்த்தொகுதியில் 15 அளவில்தான். மேல்தொகுதியைக் காடு மூடிவிட்டது.

2022 ஜனவரி 6இல் மறுபடி பிரித்தார்கள். இந்தியன் ஓயிலின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு 14, இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, கூட்டுக் கம்பனிக்கு 61. அந்தக் கம்பனியில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு, 49 வீதம் லங்கா ஐஓசிக்கு.

கையெழுத்து வைத்தவுடன் குதத்தில் எண்ணெய் ஊற்ற முடியாது. முதலில் அடியில் உறைந்த கசடை அள்ளி, உள்ளே தேங்கிய வாயுவை வெளியேற்ற வேண்டும். பிறகு மீயொலிக் கருவியால் தகட்டின் தடிப்பை இடத்துக்கு இடம் அளக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் அரிபடுவது அடித்தளத் தகடுதான். கீழே ஈரம், வெளியே தெரியாது. தகடு மாற்றியபின் தண்ணீர் நிரப்பி அத்திவாரம் இறங்குகிறதா என்று பார்த்து, கொள்ளளவை அளந்து அட்டவணை போட வேண்டும். தீயணைப்புக் குழாயும் ஒழுக்கைத் தடுக்கும் அணைக்கட்டும் வேறு. இன்னொரு சிக்கலும் உண்டு. இவை பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் உலை எண்ணெய்க்காகக் கட்டியவை. நிலையான கூரைக்குள் டீசலை வைக்கலாம். பெற்றோல் ஆவியாகிப் போகும், அதற்கு மிதக்கும் கூரை வேண்டும். ஒரு குதத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 10,000 தொன் என்றால், 61 குதங்களைத் திருத்தும் செலவை நினைத்துப் பாருங்கள். அந்தப் பணத்தைப் போட வாடிக்கையாளர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் விடயத்தில்தான் திருகோணமலைக்கு இடி. கிழக்கு மேற்குக் கப்பல் பாதை தெய்வேந்திரமுனைக்குத் தெற்கால் போகிறது. அம்பாந்தோட்டை அதற்குப் பக்கத்தில். அங்கே துறைமுகம் 2017 முதல் 99 வருடத்துக்குச் சீனக் கம்பனியிடம். 370 கோடி டொலரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட சீன அரசின் எண்ணெய்க் கம்பனியான சினோபெக் 2025 ஜனவரியில் கையெழுத்திட்டது. கப்பலுக்கு எண்ணெய் விற்பதை மட்டும் நம்பி நாம் அவர்களோடு போட்டி போட முடியாது. வங்காள விரிகுடாவுக்கான சேமிப்புக் கிடங்காக, இந்தியாவிலிருந்து குழாய் வந்தால் மட்டுமே இந்தக் குதங்களுக்கு வியாபாரம் உண்டு.

அதனால்தான் 2025 ஏப்ரல் 5இல் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் போட்ட புரிந்துணர்வு உடன்படிக்கையை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். அமீரகத்திடம் எண்ணெயும் இருக்கிறது, முதலும் இருக்கிறது. 1987இல் இல்லாத பங்காளி. ஆனால் அது உடன்படிக்கை மட்டுமே. இதிலும் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தால், இன்னொரு 35 வருடம் காடு வளரும்.

ஆகவே 'யாருக்கு விற்றார்கள்' என்று மட்டும் கத்துவதை விட்டு, நம் மக்கள் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் நேரே கேட்கட்டும். வருடத்துக்கு எத்தனை குதம் திருத்தப்படும்? திருத்தாதவை எந்தத் திகதியில் அரசிடம் திரும்பும்? 2022இல் போல எரிபொருள் வரிசை வந்தால் கூட்டுக் கம்பனியின் குதங்களில் உள்ள எண்ணெயை எடுக்க யாருக்கு முதல் உரிமை? மேல்தொகுதி வேலைகளில் மூதூர், சம்பூர், கிண்ணியாப் பிள்ளைகளுக்கு எத்தனை இடம், அவர்களுக்கு வெல்டிங்கும் தகட்டுப் பரிசோதனையும் பழக்குவது யார்? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வேண்டும், கூட்டுக் கம்பனி முதல் கேள்விப்பத்திரத்தைத் திறப்பதற்கு முன்னர்.