மப்ளர் கழற்றாத தையற்காரர்

(இடம்: இலங்கை மலையகத்தில் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு தையற்கடை. மெஷினும் வெட்டு மேசையும் உள்ளே இருப்பதால் வாடிக்கையாளர் வாசற்படியில் நின்றுதான் பேச வேண்டும். காலம்: சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, மூடுபனி விலகி, இந்த ஊருக்கே பொருந்தாத வெயில் அடித்துக்கொண்டிருக்கும் முற்பகல். மாசிலாமணி, வயது 58, முப்பது வருடங்களாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துவருபவர். அந்த வெயிலிலும் கழுத்தில் கம்பளி மப்ளரைச் சுற்றியிருக்கிறார். ராசாத்தி, வயது 44, கொழுந்து பறிப்பவர். தாமே கையால் தைத்த சட்டையை அணிந்து வந்திருக்கிறார்.)

ராசாத்தி: அண்ணே, கறுப்பு நூற்கட்டை ஒன்று வேண்டும். பருத்தி நூலாகவும் சற்றுத் தடித்ததாகவும் இருந்தால் நல்லது.

மாசிலாமணி: நூல் எங்கேயும் ஓடிப் போகாது, தங்கச்சி. நீ முதலில் பின்பக்கம் போய்ச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வா. தையல் ஓரம் வெளியே தெரிய, முடிச்செல்லாம் தொங்க, டவுன் முழுவதையும் கடந்து வந்திருக்கிறாயே, வழியில் ஒருவர்கூடவா உன்னிடம் சொல்லவில்லை?

ராசாத்தி: பஸ்ஸில் மூன்று பேர் சொன்னார்கள், அண்ணே. மூவரிடமும் இதுதான் வெளிப்பக்கம் என்று சொல்லிவிட்டேன். முடிச்சை வெளியே வைத்ததும் வேண்டுமென்றுதான்.

மாசிலாமணி: வேண்டுமென்றா? முடிச்சை மறைப்பதற்குத்தானே ஊரில் தையற்காரன் என்று ஒருவன் இருக்கிறான்? அதையே வெளியில் தொங்கவிட்டால் நான் கடையைப் பூட்டிவிட்டுக் கொழுந்து பறிக்கத்தான் வர வேண்டும்.

ராசாத்தி: வாருங்கள், ஆள் பற்றாக்குறைதான். ஆனால் இந்த முடிச்சில் ஒரு கணக்கு இருக்கிறது. பருத்தி நூல் துவைக்கத் துவைக்கத் தேயும். முடிச்சுக்கு ஒட்டினாற்போல் நறுக்கிவிட்டால், நாளடைவில் நுனி தேய்ந்து முடிச்சே அவிழ்ந்துவிடும். அதனால் இரட்டை முடிச்சுப் போட்டு, அரை அங்குல வாலை விட்டுத்தான் வெட்ட வேண்டும். அந்த வால் உள்ளே இருந்தால் உடம்பை உறுத்தும். வெளியே இருந்தால் உங்கள் கண்ணை மட்டும்தான் உறுத்தும்.

மாசிலாமணி: கண்ணை உறுத்துவது அது மட்டுமில்லை. ஓரத்துக்கு ஓவர்லொக்கும் அடிக்கவில்லை, மடித்தும் தைக்கவில்லை. இரண்டு துவையலில் ஓரம் பிரிந்து, நீ சட்டையாகப் போட்டுக்கொண்டு போனதை நூலாகத் தூக்கிக்கொண்டு வருவாய்.

ராசாத்தி: உங்கள் சீருடைத் துணி அப்படிப் பிரியும், ஏனென்றால் அது நெய்த துணி. இது ஜேர்சி, நம் பேச்சில் பனியன் துணி. நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோக்காமல், கம்பளிச் சட்டை பின்னுவதுபோல் வளையத்துக்குள் வளையம் விட்டுப் பின்னியிருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பாருங்கள்.

மாசிலாமணி: குனிய இயலாது. நீ துணியை உயர்த்திப் பிடி.

(ராசாத்தி பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடிக்கிறார். அவர் கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கிறார். கோயில் யானைகூடத் தலையைச் சற்று அசைக்கும்.)

ராசாத்தி: தெரிகிறதா? இந்தப் பக்கம் சின்னச் சின்னச் சடைகளை அருகருகே தொங்கவிட்டதுபோல் வரிசை வரிசையாக இருக்கிறதல்லவா, இதுதான் நல்ல பக்கம். திருப்பினால் சடை இல்லை. மேடும் பள்ளமுமாக அலை மட்டும் இருக்கும். சடை ஓடும் திசைதான் சட்டையின் உயரமாக வர வேண்டும். குறுக்கே இழுத்தால் நன்றாக நீளும். சடையோடு இழுத்தால் அவ்வளவு நீளாது. குறுக்கே வெட்டிய ஓரத்தை இழுத்துவிட்டால், இதோ, வாடிய வெற்றிலையைப்போல நல்ல பக்கத்தை நோக்கிச் சுருண்டுகொள்கிறது. பிரியாது, சுருளும். அவ்வளவுதான்.

மாசிலாமணி: (சுரத்தில்லாமல்) குறுக்கே இழுத்தால்தான் நீளும் என்கிறாய்.

ராசாத்தி: ஆமாம். ஏன், அண்ணே, முகம் இப்படிச் சிவந்திருக்கிறது? இந்த வெயிலில் மப்ளர் எதற்கு?

மாசிலாமணி: தொண்டை சரியில்லை. நீ துணியைப் பற்றி மட்டும் பேசு. இதை எங்கே வாங்கினாய்?

ராசாத்தி: கார்மென்ட்ஸில் மிஞ்சும் வெட்டுத்துண்டைக் கிலோக் கணக்கில் விற்கிறார்களே, அதைத்தான் கட்டுநாயக்காவிலிருந்து மூத்தவள் கொண்டுவந்தாள். 1978இல் அங்கே வர்த்தக வலயம் திறந்ததிலிருந்து நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளும் எத்தனை பேர் போய்விட்டார்கள்! இவள் ஆறு வருடமாக டீசேர்ட்டுக்கு இடது கையை மட்டும் பொருத்துகிறாள். வலது கையை வேறொருத்தி பொருத்துகிறாளாம். தோட்டத்து லயத்தில் பிறந்தவள், அங்கே போயும் மெஷின் லைனில்தான் உட்கார்ந்திருக்கிறாள். முழுச் சட்டை ஒன்றைத் தன் கையால் தைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத்தான் முதலில் ஆசை வந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

மாசிலாமணி: வீட்டில் மெஷின் இல்லாததால் கையால் தைத்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிடேன். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

ராசாத்தி: மெஷின் இருந்தாலும் இதைக் கையால்தான் தைத்திருப்பேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் புளோரன்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே டீசேர்ட் ஆலைகள் நிறைய இருந்தன; 1994இல் வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் வேலையெல்லாம் வெளிநாடுகளுக்குப் போய், ஆலைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். அந்த ஊரில் பிறந்த நடாலி சானின் என்ற பெண்மணி 2000ஆம் ஆண்டில் பழைய டீசேர்ட்டுகளை வெட்டிக் கையால் தைக்கத் தொடங்கி, சொந்த ஊருக்கே திரும்பி, அக்கம்பக்கத்துப் பெண்களை வீட்டிலிருந்தே தைக்க வைத்தார். அவர்களுடைய மேலங்கி ஒன்று ஆயிரக்கணக்கான டொலருக்குக்கூட விலைபோயிருக்கிறது.

மாசிலாமணி: முடிச்சோடா?

ராசாத்தி: முடிச்சோடுதான்.

(மாசிலாமணி சற்று நேரம் பேசவில்லை. ஒரு சீருடைக்குத் தாம் வாங்கும் கூலியை மனத்துக்குள் டொலராக்கிப் பார்க்கிறார் என்பது அவருடைய உதட்டசைவில் தெரிகிறது. கணக்கு ஒரு டொலரைச் சுற்றியே நின்றுவிட்டதால் அவர் மேற்கொண்டு முயலவில்லை.)

மாசிலாமணி: சரி, எப்படித் தைத்தாய் என்று சொல். கற்றுக்கொள்வதற்காகக் கேட்கவில்லை, பிழை கண்டுபிடிப்பதற்காகக் கேட்கிறேன்.

ராசாத்தி: முதலில் துணியைத் துவைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தைத்தபின் சுருங்கி, எனக்குத் தைத்தது என் பேத்திக்குப் போய்விடும். ஹட்டனில் காயவைப்பது என்றால் மூன்று நாள். மழை விடாததால் அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன். அதனால்தான் இந்தச் சட்டையில் இலேசாகக் கருவாட்டு வாசம் வரும். அதற்குப் பிறகு நூல். ஊசியில் கோத்து இரட்டையாக்கி, கையின் நீளத்துக்கு மேல் போகாமல் அறுத்து, இந்த விரலுக்கும் அந்த விரலுக்கும் இடையில் வைத்து மேலிருந்து கீழாகத் தடவிக் கொடுத்து, நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

மாசிலாமணி: யாருக்கு?

ராசாத்தி: நூலுக்கு. “இதை உடுத்துகிறவள் சுகமாக இருக்கட்டும், நீ அறுந்து போகாதே” என்று சொல்வேன்.

மாசிலாமணி: என் மெஷினுக்கு நான் முப்பது வருடமாகச் சொல்லிவருவதை இந்த வாசலில் நின்று சொல்ல முடியாது.

ராசாத்தி: சிரிக்காதீர்கள், அண்ணே. நூல் என்பதே பஞ்சை முறுக்கியதுதானே? அந்த முறுக்கு ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருப்பதால்தான் தைக்கும்போது தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சிக்குப் போடுகிறது. நாலைந்து தரம் தடவிவிட்டால் முறுக்கு சமப்பட்டு, வேண்டாத முறுக்கு நுனி வழியே இறங்கிவிடும். நல்ல வார்த்தை எதற்கென்றால், அதைச் சொல்லி முடிப்பதற்குள் போதுமான அளவு தடவியிருப்போம். சிவனொளிபாத மலைக்கு ஏறும் வழியில் இந்திகடுபான என்று ஓர் இடம் இருக்கிறதே, புத்தர் தம் கிழிந்த சீவரத்தை அங்கே உட்கார்ந்து தைத்தார் என்று சொல்லி யாத்திரிகர்கள் ஊசியும் நூலும் வைத்துக் கும்பிடுகிறார்கள். யாராவது அங்கே மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் வைத்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

மாசிலாமணி: மெஷினைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு படி ஏறுகிறவன் கும்பிடுவதற்கு உயிரோடு இருக்க மாட்டான். பேச்சை மாற்றாதே. அந்த நெஞ்சுப் பக்கத்து இலை என்ன?

ராசாத்தி: இதைத்தான் கேட்க மாட்டீர்களா என்று காத்திருந்தேன். இரண்டு இலையும் ஒரு குருத்தும். மேலே கறுப்புத் துணி, அடியிலே பச்சைத் துணி, இரண்டையும் சேர்த்து வைத்தேன். மேல் துணியில் அச்சு வைத்து, துணிக்குப் பூசும் சாயத்தை ஸ்பொஞ்சால் ஒற்றிக் காயவிட்டேன். அச்சின் ஓரத்தையொட்டி ஓடுந்தையல் போட்டேன். தையல் ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவு. பிறகு தையலுக்கு உள்ளே, அதிலிருந்து மூன்று மில்லிமீட்டர் விட்டு, மேல் துணியை மட்டும் கத்தரித்து எடுத்தால் அடியிலிருக்கும் பச்சை இலையாகத் தெரியும். இது நெய்த துணியாக இருந்தால் வெட்டிய ஓரமெல்லாம் நார் நாராகக் கிளம்பியிருக்கும். ஜேர்சியானதால் இலேசாகச் சுருண்டு, இலைக்குக் கரை கட்டியதுபோல் நிற்கிறது.

மாசிலாமணி: அச்சு எங்கே கிடைத்தது? கடதாசி ஈரத்துக்குத் தாங்காதே?

ராசாத்தி: அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே. அந்தப் படம் கடதாசியைப்போல ஊறாது, பிளேட்டால் வெட்டினால் அழகாக வரும். அம்மாவுக்குத்தான் மனவருத்தம். “முழங்கால் வலிக்கு இன்னும் மருந்தே கண்டுபிடிக்கவில்லை, அதற்குள் என் எலும்பில் இலை வெட்டுகிறாயே” என்றார்.

மாசிலாமணி: வெட்டும்போது அடித்துணியும் சேர்ந்து போகாதா?

ராசாத்தி: முதல் இலையில் போனது. அங்கே பாசிமணி தைத்து மூடிவிட்டேன். பனித்துளி என்று சொல்லிக்கொள்கிறேன். மணியைத் தைக்கும்போது இரண்டு துணியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஒற்றைத் துணியில் தைத்தால் பாரத்துக்கு இழுபட்டு, கொழுந்துக் கூடை தொங்குவதுபோல் தொங்கும்.

மாசிலாமணி: (தயங்கி) இதெல்லாம் அலங்காரம், தங்கச்சி. எனக்கு ஒரு சிறிய சந்தேகம், எனக்கென்று இல்லை, பொதுவாகக் கேட்கிறேன். கழுத்துக்கு என்ன செய்தாய்?

ராசாத்தி: கழுத்தில்தான் எல்லோரும் கவிழ்வார்கள். நேராகக் கீழே இறங்கும் விலாத் தையலுக்கு ஓடுந்தையல் போதும், அது நீள வேண்டிய அவசியமில்லை. கழுத்து அப்படியில்லை, ஒவ்வொரு தடவையும் தலைக்கு வழிவிட்டுத் திரும்ப ஒடுங்க வேண்டும். அதனால் பட்டியைத் துணியின் குறுக்கே வெட்டி, மடித்துப் பொருத்தி, மீன்முள்ளைப்போல் மேலும் கீழுமாகப் போகும் தையல் போட்டேன். துணி நீளும்போது அந்த முள்ளும் விரியும். நேர்த்தையல் போட்டால் துணி நீளும், நூல் நீளாது.

மாசிலாமணி: ஒருவன் பட்டியைக் குறுக்கே வெட்டாமல், துணி மிச்சப்படும் என்று நெடுக்கே வெட்டி, நல்ல போலியெஸ்டர் நூலில் மெஷினால் இரண்டு வரி நேர்த்தையல் அடித்தால்?

ராசாத்தி: தையல் அறாது, அண்ணே. தலைதான் அறும். அதிலும் சாதாரண ஊசியால் அடித்தால் அதன் முனை வளையத்தை அறுத்து, ஓட்டை விழுந்து சடைசடையாகக் கீழே இறங்கும். இந்தத் துணிக்கு உருண்டை முனை ஊசி போட வேண்டும். அதைப் போட்டாலும் கழுத்து விரியாது. அப்படி எந்த மடையன்...

(மௌனம். மாசிலாமணி மப்ளரை மெதுவாக அவிழ்க்கிறார். உள்ளே நீல நிற ஜேர்சிச் சட்டையின் கழுத்துப்பட்டி, போத்தலுக்கு மூடி இட்டதுபோல் கழுத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டு வரித் தையலும் கோடு போட்டதுபோல் நேராக இருக்கின்றன. அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.)

ராசாத்தி: ஐயோ அண்ணே! எப்போதிலிருந்து?

மாசிலாமணி: வெள்ளிக்கிழமையிலிருந்து. உன் மகளைப்போல் எனக்கும் ஒருவர் வெட்டுத்துண்டு தந்தார். என் தலை இருபத்து மூன்று அங்குலம், கழுத்து பத்தொன்பது. தைத்து முடித்ததும் உன் அண்ணி “இது உள்ளே போகாது” என்றாள். அந்தக் கோபத்தில் உள்ளே போய்விட்டேன். வெளியே வருவதற்கு அவ்வளவு கோபம் வரவில்லை.

ராசாத்தி: மேசையில் கத்தரிக்கோல் இருக்கிறதே, வெட்டி எறிந்திருக்கலாமே?

மாசிலாமணி: நானே தைத்ததை நானே வெட்டவா? அதுவும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது?

ராசாத்தி: சரி, ஸ்டூலில் உட்காருங்கள். பட்டியை மட்டும் பிரித்தெடுக்கிறேன், சட்டைக்கு ஒன்றும் ஆகாது. குறுக்கே வெட்டிய துண்டு என் பையிலேயே இருக்கிறது; உங்கள் கழுத்திலேயே வைத்துப் பொருத்திவிடலாம். நூற்கட்டைக்குக் காசு தர மாட்டேன்.

மாசிலாமணி: இரண்டு கட்டையாகவே எடுத்துக்கொள். கூலி என்று எதுவும் வெளியில் பேசக் கூடாது.

(ராசாத்தி தையலைப் பிரித்து முடிக்கிறார். மாசிலாமணி மூன்று நாட்களுக்குப் பிறகு தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிக் கடைத்தெருவைப் பார்க்கிறார். ராசாத்தி நூலைக் கோத்து, தடவிக் கொடுத்து, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுக்கத் தொடங்குகிறார்.)

மாசிலாமணி: சற்றுச் சத்தமாகச் சொல், தங்கச்சி. அந்த மீன்முள் தையலையும் மெதுவாகவே போடு. நான் கற்றுக்கொள்ளப் பார்க்கவில்லை. ஆனாலும் கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தொடங்கு.