வழிப்பிள்ளையாருக்கு உடைத்த தேங்காய்

டப்ளினின் கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஹென்றி ரோவை வள்ளல் என்றுதான் சொல்கிறார்கள். 1871 முதல் 1878 வரை நடந்த அதன் திருப்பணிக்கு அந்த விஸ்கி முதலாளி கொடுத்தது சுமார் 2,30,000 பவுண்டு. கொடுத்தே நொடித்துப்போனார் என்ற கதையும் உண்டு. கொடுத்ததை நான் மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது, யாரிடமிருந்து வந்த பணம் யாருக்குப் போனது என்பதுதான்.

தாமஸ் தெருவில் இருந்த ரோவின் ஆலை ஒரு காலத்தில் ஐரோப்பாவிலேயே பெரியது என்று பேசப்பட்டது. 1880-களில் பதினேழு ஏக்கர் பரப்பு, ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் காலன் விஸ்கி. ஆலையைச் சுற்றி இருந்தது லிபர்ட்டீஸ்: நெரிசலும் வறுமையும் மண்டிய பகுதி. அங்கே வாழ்ந்த ஏழைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். கிறைஸ்ட் சர்ச்சோ அயர்லாந்துத் திருச்சபையின் புராட்டஸ்டன்ட் தேவாலயம். 1869-ல் நிறைவேறிய சட்டத்தால் 1871 தொடக்கத்தில் அரசுச் சலுகையை இழந்து நின்ற திருச்சபைக்குத்தான் ரோ பெட்டியைத் திறந்தார். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான். சட்டப்படி தேங்காய் அவருடையதுதான் என்று சிலர் வாதிடலாம். இருக்கட்டும்.

திருப்பணி நடந்துகொண்டிருந்தபோதே, 1875 ஜூன் 18 இரவு, லிபர்ட்டீஸில் ஒரு சரக்குக் கிடங்கு தீப்பிடித்தது. அது ரோவின் கிடங்கு அல்ல. ஆயிரக்கணக்கான பீப்பாய்கள் வெடித்து, விஸ்கி தெருவில் ஆறாக ஓடியது. மக்கள் தொப்பியிலும் காலணியிலும் மொண்டு குடித்தார்கள். பதின்மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர்கூடத் தீயிலோ புகையிலோ சாகவில்லை; தண்ணீர் கலக்காத அந்தச் சாராயத்தைக் குடித்தே செத்தார்கள். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள் அதைவிட அதிகம்.

மருத்துவமனைக்குக் கொடுக்கும் வழக்கமே அந்த ஊரில் இல்லையா என்றால், ஆலையிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே இரண்டு நின்றன. ஸ்டீவன்ஸ் மருத்துவமனை 1733-ல் திறக்கப்பட்டது. காலஞ்சென்ற மருத்துவர் ஒருவரின் சொத்தைக் கொண்டு அவருடைய சகோதரி கிரிசல் கட்டியது. மற்றொன்று, ஜோனதன் ஸ்விஃப்ட் தன் செல்வத்தை மனநோயாளிகளுக்காக எழுதிவைத்ததால் எழுந்த புனித பேட்ரிக் மருத்துவமனை. ஸ்விஃப்ட் தேவாலயத் தலைமைக் குருவாக இருந்தவர். அவரே பணத்தைக் கோபுரத்துக்கு வைக்கவில்லை!

அப்படிக் கொட்டிய பணத்தில் நடந்ததுதான் என்ன? கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட், பாடகர் குழு அமரும் பதினான்காம் நூற்றாண்டுப் பகுதியை இடித்துவிட்டுத் தன் கணக்குப்படி புதிதாகக் கட்டினார். எது பழையது, எது அவருடையது என்று இன்று பிரித்தறிவதே கடினம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதை ரோவிடம் யாரும் சொல்லவில்லை போலும். (தேவாலயத்தின் நிலவறையில் ஒரு காலத்தில் மதுக்கடைகளே நடந்தன. சாராயத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் உறவு பழையது.)

ரோ ஆலை சரிந்ததற்குத் தேவாலயத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஏனியஸ் காஃபி என்ற அயர்லாந்து வரி அதிகாரி 1830-ல் காப்புரிமை பெற்ற தொடர்வடிப்புக் கலன், அதாவது நிறுத்தாமல் வடித்துக்கொண்டே இருக்கும் கலன், மலிவான சாராயத்தைக் கொட்டியது. ஸ்காட்லாந்தினர் அதைக் கலந்து விற்றுச் செழித்தார்கள். டப்ளினின் நான்கு பெரிய ஆலைகளோ அது விஸ்கியே அல்ல என்று புத்தகமே வெளியிட்டுச் சண்டையிட்டன. சொன்னதில் நியாயம் இருந்தது, சந்தை கேட்கவில்லை. ரோ 1894-ல் இறந்தார். பிறகு ஆலையும் மூடப்பட்டது.

அண்டை வீட்டு பீர்க்காரர் எட்வர்ட் செசில் கின்னஸ் 1890-ல் லண்டன், டப்ளின் ஏழைகளின் வீடுகளுக்காக இரண்டரை லட்சம் பவுண்டு கொடுத்தார். அதுவும் மதுப் பணம்தான். ஆனால் அந்த வீடுகளில் மனிதர்கள் குடியிருந்தார்கள்.

இப்போது கின்னஸின் உரிமையாளரான டியாஜியோ, கின்னஸின் பழைய மின்நிலையத்தில் 2019-ல் ஒரு விஸ்கி ஆலையைத் திறந்து, ரோவின் பெயரைப் புட்டியில் ஒட்டி விற்கிறது. தேங்காய் கடைக்கே திரும்பிவிட்டது.