கடைசி சுரம் அடங்கட்டுமே!

கச்சேரி முடிவதற்குள் கைதட்டிக் கத்த அப்படி என்னங்க அவசரம்? லண்டனில் கோடைதோறும் நடக்கும் ப்ராம்ஸ் (Proms) இசைவிழாவின் கச்சேரியை பிபிசி ரேடியோ 3 வானொலி நேரலையாகத் தருகிறது. இசையமைப்பாளர் மாலரின் 9-ஆம் சிம்ஃபொனி, அதாவது பெரிய இசைக்குழுவுக்கான நீண்ட படைப்பு; அதன் கடைசிப் பக்கம். பித்தளை ஊதுகருவிகள் இல்லை, முரசு இல்லை, தந்தி வாத்தியங்கள் மட்டும். மெல்ல உயிர் பிரிவதுபோல் வாசிக்கச் சொல்லி மாலரே குறித்திருக்கிறார். கடைசி சுரம் அடங்கிய பிறகும் இசைக்குழுவை நடத்தும் கண்டக்டர் கையைத் தாழ்த்துவதில்லை. அந்த மௌனமும் இசைதான். அதற்குள் ஒருத்தர் "ப்ராவோ!" (சபாஷ்!) என்று கத்துகிறார். ஒன்றேகால் மணி நேரம் கட்டி எழுப்பியது ஒரே நொடியில் பாழ்!

இருமல் இன்னொரு கொடுமை. மெல்லிய இடம் வீட்டில் கேட்கவேண்டுமே என்று ஒலிபரப்பில் சத்தத்தை ஏற்றினால் இருமலும் சேர்ந்தே ஏறும். அரங்கில் ஒரு செருமல், வானொலியில் பட்டாசு. கைக்குட்டையால் வாயை மூடினால் பாதி அடங்கும், அதுகூட முடியாதா?

சைகோவ்ஸ்கியின் 6-ஆம் சிம்ஃபொனியில் மூன்றாம் பகுதி முடிந்ததும், இன்னொரு பகுதி மீதி இருக்கும்போதே கை தட்டுகிறார்களே, அதை மன்னிக்கலாம். அணிநடை மாதிரி முழங்கி முடிகிறது, கை தானாக எழும். 19-ஆம் நூற்றாண்டில் பகுதிகளுக்கு நடுவே தட்டுவது வழக்கமும்கூட. ஆனால் மாலரின் மௌனத்தில் கத்துவதற்கு என்ன சாக்கு? கண்டக்டரின் கை இன்னும் மேலேதானே இருக்கிறது, கண் தெரியவில்லையா?