அதான் வாட்ஸப் குரூப் இருக்கே!

ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் ஊரைச் சுற்றிவிட்டது. அதனால் முழுக் கதையும் வேண்டாம். ஊர்த் தகவல்களுக்கு நம் கிளை நூலகமே ஒரு இணையப் பக்கம் நடத்தலாம் என்று நான் சொன்னதும், மேடையில் இருந்த பெரியவர் மைக்கை வாங்கி, "தம்பி, அதான் வாட்ஸப் குரூப் இருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல ஜோக்தான், நானும் சிரித்து வைத்தேன்.

அப்படி என்ன கேட்டுவிட்டேன்? மினி பஸ் எத்தனை மணிக்கு, அரசு ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், முதியோர் பென்ஷனுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், இந்த வாரம் எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர். இதையெல்லாம் ஒரே இடத்தில், தேதி போட்டு வைக்க வேண்டும். தப்பாக இருந்தால் போய்க் கேட்க ஒரு ஆள் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள்.

குரூப்பில் அது உண்டா? போன மழைக்காலத்தில் என் தம்பி மகனை நாய் கடித்துவிட்டது. பதற்றத்தில் குரூப்பில்தான் கேட்டேன். உடனே ஒரு ஃபார்வர்டு வந்தது: இன்ன இடத்தில் இருபத்துநாலு மணி நேரமும் ஊசி உண்டு. பையனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கதவு பூட்டியிருக்கிறது. அங்கிருந்து தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. பையன் நன்றாக இருக்கிறான், அது வேறு விஷயம். மறுநாள் அனுப்பியவரிடம் கேட்டேன். "வந்ததை அனுப்பினேன் அண்ணே" என்றார். அவ்வளவுதான். வந்ததை அனுப்பினாராம்! அந்தத் தகவல் எந்த வருடத்தது, யார் எழுதியது, அந்த இடம் இன்னும் இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. அதற்குள் அதன் மேல் நாற்பது குட்மார்னிங் ரோஜாப்பூ ஏறிவிட்டது.

"கவர்மெண்ட் வெப்சைட் இருக்கே" என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது. நம் ஊர் பம்ப் ஆபரேட்டர் லீவு போட்டால் தண்ணீர் வராது என்பது அதில் வருமா?

"நூலகம் என்றால் புத்தகம், இதெல்லாம் அதன் வேலை இல்லை" என்று ஒரு நண்பர் கமெண்டில் எழுதியிருக்கிறார். அவர் எங்கள் காலத்து நூலகத்தைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அப்போதைய நூலகர் வாசலில் கரும்பலகை வைத்திருந்தார். காலையில் பேப்பர் வந்ததும் வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பார்த்து, கடைசித் தேதியோடு சாக்பீஸில் எழுதுவார். விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்பதையும் கீழே எழுதுவார். என் அக்கா வேலைக்குப் போனது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். வீட்டில் பேப்பர் வாங்க வக்கில்லை எங்களுக்கு. எழுத்தில் சந்தேகம் என்றால் உள்ளே போய், "சார், இது 15-ஆ 16-ஆ" என்று கேட்கலாம், அவர் எழுந்து வந்து பார்ப்பார். நான் கேட்பது அதே பலகையைத்தான், போனிலும் தெரிகிற மாதிரி. வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் ஊரின் கார்னகி நூலகம் தொண்ணூறுகளிலேயே ஊருக்கென்று இப்படி ஒரு இணைய வலை நடத்தியது. "அமெரிக்காவை இழுக்காதே" என்பீர்கள். சரி, புதுச்சேரிக்கு வாருங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். "வயசானவங்களுக்குப் போன் பார்க்கத் தெரியாதே" என்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 2004 சுனாமி அன்று, சிங்கப்பூரில் இருந்த ஒருவர் செய்தி பார்த்துவிட்டு நல்லவாடு கிராமத்துக்குப் போன் போட, அங்கிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் கத்தி ஊரையே வெளியேற்றினார்கள். எங்கே ஓட வேண்டும், எதைப் போட்டுக் கத்த வேண்டும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. நம் ஊரில் ஏதாவது ஒன்று என்றால் எந்தக் கதவை உடைப்பது?

அது நூலகம் இல்லையே என்பீர்கள். இல்லைதான். நூலகமாக இருந்திருக்கலாம் என்கிறேன். நாட்டிலேயே பொது நூலகச் சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையது, 1948-ல். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி என்று நீங்களும் நானும் கட்டுகிறோம். நூலகம் வளரும் உயிர் என்று இந்திய நூலக அறிவியலின் தந்தை, சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-லேயே எழுதி வைத்துவிட்டுப் போனார். நாம் ஆகஸ்ட் 12 ஆனால் பிறந்தநாள் என்று அவர் படத்துக்கு மாலை போட்டு, போட்டோ எடுத்து, குரூப்பில் போடுகிறோம்.

ஒரு ஆட்சேபம் மட்டும் நியாயம். நூலகர் ஒரே ஆள். பதிவேடும் அவர்தான், பூட்டும் அவர்தான், பல இடங்களில் துடைப்பமும் அவர்தான். இதையும் அவர் தலையில் கட்டுவது பாவம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாசகர் வட்டம் என்று ஒன்று எதற்கு இருக்கிறது? ஆண்டு விழாவில் சால்வை போர்த்திக்கொள்ள மட்டுமா? நன்கொடை கொடுத்த புரவலர்களின் பலகையில் பெயர் பெரிதாக வர வேண்டும் என்று சண்டை போட நேரம் இருக்கிறது. வாரம் ஒருவர் மூன்று இடத்துக்குப் போன் போட்டு, நேரம் சரிதானா என்று பார்த்து எழுத மட்டும் நேரம் கிடையாது. சால்வை வாங்குகிறவர்கள் கடைசியாக எப்போது உள்ளே வந்து ஒரு புத்தகம் எடுத்தார்கள் என்று பதிவேட்டைத் திறந்து பார்க்கலாமா? வேண்டாம், விடுங்கள்.

"இவன் விளம்பரத்துக்குப் பேசுறான்" என்று பின்வரிசையில் ஒரு குரல் வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். பலகை எழுதிய அந்த நூலகர் ஓய்வுபெற்ற நாளில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் போனதும் நினைவிருக்கிறது. இந்த ஊரில் விளம்பரம் இப்படித்தான் கிடைக்கும் என்றால் எனக்கு வேண்டாம் சாமி.

நேற்று ராத்திரி, அங்கே வாய்விட்டுச் சிரித்தவர்களில் ஒருவரிடமிருந்து மெசேஜ்: "அண்ணே, வாரிசு சான்றிதழுக்கு தாலுகா ஆபீஸ்ல என்னென்ன கேக்குறாங்க?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் தம்பி, அதான் குரூப் இருக்கே, அங்கேயே கேட்டிருக்கலாமே?