ஆறு மங்குப் பாலும் 800 வெள்ளியும்

800 வெள்ளி வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையின் எழுத்தைக் கொல்ல முடியும் என்பதைச் சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணால் கண்டேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் படிக்கும் என் அக்காள் மகள், இங்கிலாந்தில் வேதிப் பொறியியல் படிக்க விண்ணப்பிப்பதற்காகத் தன்னைப் பற்றி எழுதிய அறிக்கையை, ஓர் ஆலோசகர் 'செம்மைப்படுத்தித்' தந்திருக்கிறார்.

"சிறு வயது முதலே அறிவியல் என் உயிர்மூச்சு" என்பது முதல் வரி. "தோட்டப்புறத்து வறுமையில் மலர்ந்த மொட்டு நான்" என்பது அடுத்தது. எந்த வறுமை ஐயா? அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். அந்த வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் 'நான் ஒரு மிதிவண்டி' என்று நாம் எழுதிய தன்கதையில், அந்த மிதிவண்டிகூட எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எவ்வளவுக்கு விலைபோனது என்று சொல்லும். இந்த அறிக்கையில் அதுகூட இல்லை.

அவள் முதலில் எழுதியிருந்தது வேறு. அவள் தாத்தா இன்னமும் இரண்டு ஏக்கரில் பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவி, மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) வடிந்த பாலைக் கட்டவைக்கப் பார்மிக் அமிலம் ஊற்றுகிறார். பாலிலுள்ள ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருக்கின்றன, அமிலம் அதைத் தணித்ததும் ஒட்டிக்கொள்கின்றன என்று படித்தவள், விடுமுறையில் ஆறு மங்குகளை வரிசையாக வைத்து, அமிலத்தின் அளவை மாற்றி மாற்றி ஊற்றி, ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, கட்டும் நேரத்தை நோட்டில் குறித்திருக்கிறாள். நான்காவது மங்கில் மழை விழுந்து கணக்குக் கெட்டதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். அந்தப் பத்தி முழுவதையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "ரப்பர் வேண்டாம், தரம் குறைவாகத் தெரியும்" என்று எழுதியிருக்கிறார் அந்த மனிதர். வறுமை விலைபோகுமாம், பால்மரம் விலைபோகாதாம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இங்கிலாந்துப் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் (UCAS) அமைப்பு அந்த ஒற்றைக் கட்டுரையையே நிறுத்திவிட்டது. இந்தப் படிப்பு ஏன், படித்த பாடங்கள் உன்னை எப்படித் தயார்ப்படுத்தின, கல்விக்கு வெளியே வேறென்ன செய்தாய் என்று மூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து, இடைவெளியும் சேர்த்து மொத்தம் 4000. மூன்றாவது கேள்விக்கு அந்த ஆறு மங்குகளை விட்டால் வேறு எதை எழுதுவது? ஆலோசகர் தந்ததோ பழைய ஒற்றைக் கட்டுரை. அதே 'உயிர்மூச்சு' பக்கத்துத் தெருப் பையனின் கணக்கியல் விண்ணப்பத்திலும் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதைக் கண்டுபிடிக்க யூகாஸிடம் மென்பொருள் உண்டு. மாட்டினால் பல்கலைக்கழகங்களுக்கும் தகவல் போகும். அப்போது பதில் சொல்லப் போவது அவரா, பிள்ளைகளா?

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "வேலை முடிந்துவிட்டதே" என்கிறார்.

நேற்றிரவு அவள் மறுபடியும் எழுத உட்கார்ந்தாள். நான் கிளம்பும்போது, தாத்தாவுக்குப் போன் போட்டு, நான்காவது மங்கில் மழை விழுந்தது அமிலம் ஊற்றுவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.