கருவடிக்குப்பத்தையும் ரொமேன் ரோலான் வீதியையும் சேர்க்கும் மேடை

புதுச்சேரிக்கு வரும் உறவினர்களைக் கடற்கரைக்கும் மணக்குள விநாயகர் கோயிலுக்கும் அழைத்துச் செல்கிறோம். மஞ்சள் சுவர்களின் முன் நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்கிறோம். இந்த ஊரின் நாடக அரங்கையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று நம்மில் பெரும்பாலோருக்குத் தோன்றுவதே இல்லை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அடங்கிய ஊர் இது. தமிழ் நாடக வரலாற்றை எழுதுகிற எவரும் புதுச்சேரியின் பெயரை எழுதாமல் முடிக்க முடியாது என்பதால், இந்த மறதி எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ரொமேன் ரோலான் வீதியில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் ‘பத்தே சினே ஃபமிலியால்’ என்ற பெயரில் படம் காட்டிய பழைய கொட்டகை ஒன்று உண்டு. அந்த வீதிக்கே அப்போது கப்பூசின் துறவிகளின் பெயர்தான் வழங்கியது. படக்கொட்டகையின் காலம் முடிந்தபின், குமரன் வளவன் நிறுவிய இந்தியநாஸ்ட்ரம் என்ற நாடகக் குழு அந்தக் கட்டடத்தைத் தன் அரங்காக ஆக்கிக்கொண்டது. அங்கே நான் நாடகம் பார்த்திருக்கிறேன். திரைக்காகக் கட்டிய கூடத்தில் உயிருள்ள மனிதர் ஒருவர் வந்து நின்றவுடன் அந்த இடத்தின் அளவே மாறிவிடுகிறது: நடிகர் வெறுங்காலைத் தரையில் ஊன்றும் ஓசை கேட்கிறது, வசனத்துக்கு முன் அவர் மூச்சை இழுத்துக்கொள்வது கேட்கிறது, விளக்குச் சூட்டில் நெற்றியின் அரிதாரம் வியர்வையோடு கலந்து புருவத்தருகே கோடாக இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. பழைய கட்டடத்தைப் பாதுகாப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இதுதான்: அதற்குள் வேலை நடக்க வேண்டும்.

பாரிசின் புகழ்பெற்ற சூரிய நாடகக் குழுவும் இப்படிப்பட்ட இடத்தில்தான் வாழ்கிறது. அரியான் முனுஷ்கின் தம் தோழர்களுடன் 1964இல் தொடங்கிய அந்தக் குழு, வன்சேன் காட்டுப் பகுதியில் கைவிடப்பட்டிருந்த தோட்டாத் தொழிற்சாலையை 1970இல் அரங்காக மாற்றிக்கொண்டது. அவர்கள் 2015ஆம் ஆண்டின் இறுதியில் புதுச்சேரிக்கு வந்து இந்தியநாஸ்ட்ரத்துடன் சேர்ந்து பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். மறு ஆண்டு பாரிசில் அவர்கள் அரங்கேற்றிய புதிய நாடகத்தில் நம் தெருக்கூத்து இடம்பெற்றது. கற்றுக் கொடுத்தவர் செய்யாறு பக்கத்துப் புரிசையின் கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். கட்டைக்கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து பிரெஞ்சு நடிகர்கள் பாரதக் கதையை ஆடியதை அடுத்த ஆண்டு நியூயார்க்கும் பார்த்தது. அதே கூத்தைப் புதுச்சேரிப் பள்ளி மாணவர்களில் எத்தனை பேர் முழுமையாக ஓர் இரவு உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் என்று எண்ணும்போது எனக்குப் பெருமிதத்தைவிட ஆதங்கமே மேலோங்குகிறது.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். ரொமேன் ரோலான் வீதியிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி, பாரதி பாடிய சித்தாந்தசாமி கோயில் இருக்கும் கருவடிக்குப்பத்தில், சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1867இல் தூத்துக்குடிப் பக்கத்தில் பிறந்து, உப்பளத்தில் கணக்கெழுதி, இருபத்து நான்கு வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தவர் அவர். எமனாகவும் சனீஸ்வரனாகவும் அவர் மேடையேறியபோது பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்பார்கள். பிறகு வேடம் கட்டுவதை விட்டு, எழுதுவதிலும் பயிற்றுவிப்பதிலும் முழுமையாக இறங்கினார். ஆடுபவர் தமக்குத் தோன்றியதைப் பேசி இழுத்துக்கொண்டு போன மேடைக்கு வரையறுத்த வசனத்தையும் இலக்கணம் பிசகாத பாட்டையும் எழுதிக் கொடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் (ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியே அமர்த்தப்பட்டுச் சேர்ந்து ஆடும் கலைஞர்கள்) ஆடிவரும் கதைகளின் முதுகெலும்பு அவருடையது. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் பின்னாளில் புகழ்பெற்ற நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுவின் பிள்ளைகளுக்குச் சொல்லையும் சுருதியையும் ஒருசேரக் கற்பித்த அந்தக் குரல், கடைசிக் காலத்தில் பக்கவாதத்தால் ஒடுங்கிப்போனது. 1922 நவம்பர் 13ஆம் நாள், இதே புதுச்சேரியில், ஐம்பத்தைந்து வயதில் அவர் மறைந்தார்.

ஆண்டுதோறும் அந்த நாளில் நாடகக் கலைஞர்கள் கருவடிக்குப்பத்துக்கு வந்து மாலை சாத்தி அஞ்சலி செலுத்துகிறார்கள். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. நாடகாசிரியர் இந்திரா பார்த்தசாரதி அதைத் தொடக்கத்தில் வழிநடத்தினார், நாட்டுப்புறக் கலை ஆய்வாளர் கே.ஏ. குணசேகரன் பின்னாளில் அங்கே பணியாற்றினார். சமாதி ஓரிடத்தில், பள்ளி ஓரிடத்தில், பழைய அரங்கு ஓரிடத்தில் என்று மூன்றும் ஒரே ஊருக்குள் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துக் கட்டும் ஒரே ஒரு நிகழ்ச்சியாவது இந்த நகரத்தின் ஆண்டு நாட்காட்டியில் நிலைபெற வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பாரம்பரியம் என்ற சொல் இங்கே எழும்போதெல்லாம் பேச்சு சுவர்களைப் பற்றியே நின்றுவிடுகிறது. 2014 நவம்பரில் பெய்த மழையில் கடற்கரைச் சாலையில் மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்தபோது நானும் கலங்கினேன். அது பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுந்ததில் எனக்கு மனநிறைவுதான். ஆனால் கட்டடத்துக்கு வரைபடமும் பழைய புகைப்படமும் துணை நிற்கின்றன. வள்ளிக்கும் நாரதருக்கும் இடையே விடிய விடிய நடக்கும் தர்க்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பாட்டும் வசனமும் அச்சில் இருக்கலாம். எதிராளி எந்தக் கேள்வியைப் போட்டாலும் அந்த நொடியில் பாட்டாலேயே மடக்கும் திறமை, ஆர்மோனியக்காரர் காலால் துருத்தியை மிதித்துக்கொண்டே சுருதி விலகாமல் பின்பாட்டும் பாடும் பழக்கம், ராஜபார்ட் எனப்படும் கதாநாயக நடிகர் மேடைக்கு வருமுன் கோமாளியான பபூன் கூட்டத்தைத் தன் வசப்படுத்தும் நேரக்கணக்கு ஆகியவை எல்லாம் ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்குப் பக்கத்தில் இருந்து மட்டுமே போய்ச் சேரும். அந்தத் தொடர்ச்சி ஒருமுறை அறுந்தால் எந்த ஒப்பந்தக்காரராலும் அதைக் கட்டித் தர முடியாது.

இந்தக் காலத்தில் இரவு முழுவதும் யார் உட்காருவார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போய்ப் பாருங்கள் என்பதே என் பதில். பாயை விரித்துக் குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு மக்கள் விடியும்வரை பார்க்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக ஒரு மணி நேரத்துக்கு நறுக்கித் தருவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். தர்க்கத்தை வெட்டிவிட்டால் வள்ளி திருமணத்தில் மிஞ்சுவது உடை அலங்காரம் மட்டுமே.

எனவே நவம்பர் 13ஆம் நாள் காலையில் கருவடிக்குப்பத்தில் அஞ்சலி செலுத்தியவர்கள் அன்றிரவு நகரின் நடுவே உள்ள அரங்கு ஒன்றில் முழு நாடகம் ஆட அரசின் கலை பண்பாட்டுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல் முறையான ஊதியத்தை மேடையேறுமுன் கையில் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் பக்கத்திரை இழுக்கவும் ஒப்பனைக்கு உதவவும் வரட்டும். அதைவிடப் பெரிய வகுப்பு அவர்களுக்குக் கிடைக்காது. ரொமேன் ரோலான் வீதிக் கொட்டகையில் படம் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தப் படம், எந்த வரிசை, சீட்டு என்ன விலை என்று கேட்டுப் பதிவு செய்து வையுங்கள். இந்தப் பதிவின் கீழேயே எழுதினாலும் நல்லது, நான் தொகுத்து வைக்கிறேன். முதல் ஆண்டுக்கு வள்ளி திருமணம் போதும். பவளக்கொடியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.